பன்னிரண்டாவது தற்செயல்

என் அக்கா யசோதராவுக்கு வயது முப்பத்தெட்டு. கலியாணப் புறோக்கர் இராசமலர் அன்ரியின் கொப்பியில் முப்பத்தைந்து. மிச்ச மூன்று வருசமும் எங்கே போனது என்று கேட்டால் அம்மா, "நாட்டு நிலைமை" என்பார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சீனி முடிந்தாலும் நாட்டு நிலைமை, குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் நாட்டு நிலைமை.

நாங்கள் திருகோணமலைக்குப் பக்கத்தில் சல்லி என்கிற கடற்கரை ஊரில் பிறந்தவர்கள். அப்பாவுக்குக் கடல்தொழில், அம்மா இரத்தினேஸ்வரிக்கு எங்கள் இரண்டு பேரையும் கரையேற்றுகிற தொழில். நான் துஷாந்தி, இளையவள், வாய்க்காரி. அக்கா பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்து முடித்த கையோடு திருகோணமலை ரவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். பதினெட்டு வருசமாக அங்கேதான். வருகிறவர்களின் நாடியை ஒரு விரலால் நிமிர்த்தி, அரை நிமிசம் முகத்தையே பார்ப்பாள். பிறகு, "இந்த பிரேம் வடிவுதான், உங்கட மூக்குக்கு இல்லை" என்று நெற்றியில் அடித்தமாதிரிச் சொல்லுவாள். முதலாளி தலையில் கை வைப்பார். ஆனால் சனம் அவளைத்தான் தேடி வரும்.

ஒரு நாள் கிண்ணியாவில் இருந்து ஒரு மீன் முதலாளி கோபமாக வந்தார். புதுக் கண்ணாடி போட்டதில் இருந்து மீன் எல்லாம் சின்னதாகத் தெரிகிறதாம். அக்கா கண்ணாடியை வாங்கித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "மீன் சின்னன்தான் முதலாளி. இவ்வளவு நாளும் நீங்கள்தான் பெரிசாக் கண்டனீங்கள்" என்றாள். அவர் இப்போது குடும்பத்தோடு அவளிடம்தான் கண்ணாடி எடுக்கிறார்.

இப்படி ஊர் முகத்தை எல்லாம் பார்க்கிறவளை, ஊர் பார்த்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பக்கத்தில் பொம்பிளை பார்க்க வீட்டுக்கு வருவது குறைவு. வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அயல் முழுக்க அறிந்துவிடும். ஆகவே எல்லாம் தற்செயலாக நடக்க வேண்டும். இரண்டு பகுதியும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே கோயிலுக்குத் தற்செயலாக வருவார்கள். பெண் என்ன நிறச் சேலை என்பது தற்செயலாக முதலே தெரிந்திருக்கும். ஒருவரோடு ஒருவர் கதைக்கக் கூடாது, அறிமுகம் கூடாது, சிரிக்கக் கூடாது. புறோக்கர் அந்தப் பக்கம் தலைகாட்டவே கூடாது. பெண் குனிந்து நிற்க வேண்டும். பின்னேரம் மாப்பிள்ளை பகுதி புறோக்கருக்குப் போன் எடுக்கும், புறோக்கர் எங்களுக்கு எடுப்பார். வேண்டாம் என்றால் யாரும் யாரையும் பார்க்கவில்லை, கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம், அவ்வளவுதான்.

அக்காவுக்கு இப்படிப் பதினொரு தற்செயல் நடந்துவிட்டது.

பதினோராவதில், மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி சட்டத்தை எல்லாம் மீறிக்கொண்டு நேரே அக்காவிடம் வந்தார். "பிள்ளை, அந்தத் தூண் மட்டும் ஒருக்கா நடந்து காட்டும்" என்றார். காலில் குறை இருக்கிறதோ என்று பார்க்கிறாராம். அத்தனை சனத்துக்கு முன்னால் அக்கா தூண்வரை நடந்தாள். திரும்பி வரும்போது ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். பின்னேரம் பதில் வந்தது. "பிள்ளை நிமிர்ந்து பாக்கிறாவாம்." கால் பாஸ், கண் பெயில்.

அக்கா அழவில்லை. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"பதினொரு பேரில ஒருத்தற்ற முகமும் எனக்குத் தெரியாது. கடைசி ஆளில ஒரு மீசை கண்டனான், அவ்வளவுதான். கடையில ஒரு நாளைக்கு முப்பது முகம் பாக்கிறன். கட்டப் போறவற்ற முகத்தை மட்டும் பாக்கக் கூடாதாம். இன்னும் ஒரேயொரு தரம் அம்மா. அதுக்குப் பிறகு அன்ரியின்ர கொப்பியில என்ர பேரை வெட்டி விடுங்கோ. வாழ்க்கையில இனி நான் ஒருத்தருக்கும் நடந்து காட்ட மாட்டன்."

அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான். அம்மாவுக்கும் அது தெரியும்.

எனக்கு அது நெஞ்சில் குத்தியது. காரணம் இருக்கிறது. நான் இருபத்து மூன்று வயதில் விரும்பிக் கட்டினவள். அக்கா இருக்கத்தக்கதாக முந்திக்கொண்டவள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பகுதியும், "தங்கச்சிக்கு ரெண்டு பிள்ளையும் ஆச்சு, தமக்கைக்கு ஏன் இன்னும்?" என்று ஒரு கேள்வியை வைத்தது. அக்கா அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு நல்ல சண்டை பிடித்து மனம் ஆறியிருப்பேன்.

பன்னிரண்டாவதுக்கு அக்கா ஒரு நிபந்தனை வைத்தாள். கோயில் வேண்டாம். "கோயில் அம்மாளே என்னைக் கண்டால் இப்ப சிரிக்கிறா" என்றாள். இராசமலர் அன்ரி யோசித்து ஒரு புது இடம் சொன்னார். கண்டி வீதியில், தம்பலகாமத்துக்குத் திரும்ப முதல், புதிதாகத் திறந்திருக்கிற திறந்தவெளி நூதனசாலை. மாவட்டத்தில் இடிந்து விழக் கிடந்த பழைய வீடு, மீன்காரரின் வாடி, கடை எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுவந்து ஒரு பெரிய காணிக்குள் திரும்பப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை தம்பலகாமத்தில் ரக்டர் கராஜ் வைத்திருக்கிற கோணேசராசா. நாற்பத்தொரு வயது. "அதுவும் கொப்பி வயசோ?" என்று கேட்டேன். அன்ரி போனை வைத்துவிட்டார்.

பௌர்ணமி, போயா லீவு நாள். நான், அம்மா, அக்கா மூன்று பேரும் பஸ் ஏறினோம். அப்பா வரவில்லை. ஆம்பிளைகள் வந்தால் தற்செயல் கெட்டுவிடுமாம். அக்காவுக்குப் பச்சைச் சேலை. நான் நீலச் சல்வார். என் தாலிக்கொடியை அம்மா முதல் நாளே கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார், பஸ்ஸில் கள்ளர் அறுத்துவிடுவார்களாம். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள். பிறகு என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

பஸ்ஸில் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கென்று தெரியாது. அம்மா பையைத் திறந்து விபூதி எடுத்து அக்காவின் நெற்றியில் பூச, பஸ் ஒரு குழியில் விழ, விபூதி முன்சீற்றில் இருந்தவரின் மொட்டந்தலையில் கொட்டுண்டது. அவர் திரும்பிப் பார்த்து, "நல்லா இருங்கோ பிள்ளையள்" என்றார். அதோடு எனக்கும் அக்காவுக்கும் கட்டு அறுந்துவிட்டது. கன்னியா தாண்டியும் நிற்கவில்லை. அம்மா இரண்டு பேரின் தொடையிலும் கிள்ளினார். முப்பத்தெட்டு வயதுத் தொடையில் கிள்ளு விழுந்ததும் அக்காவுக்கு இன்னும் கூடிவிட்டது.

வாசலில் டிக்கெட் கிழித்தவர் அபூதாஹிர் நானா, கிண்ணியாக்காரர், காக்கிச் சேட், கையில் விசில். "சாமான்கள் ஒண்டையும் தொடாதீங்க. வாடி அங்கால, சங்கக்கடை இங்கால, ஈச்சிலம்பற்று மண்வீடு நேரே. மரத்துக்கு மேல காவல் பரண் இருக்கு, ஏறலாம், ஆனா ஒரு நேரத்துக்கு ஒரு ஆள் மட்டுந்தான்" என்று ஒரே மூச்சில் சொன்னார்.

மண்வீட்டைக் கண்டதும் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இதைப் பாக்கவோ டிக்கெட்? மாரிக்குக் கூரை ஒழுகச் சட்டி வைச்சுச் சட்டி வைச்சுக் கை ஓய்ஞ்சு, எப்படா இதைவிட்டு வெளிக்கிடுவம் எண்டு கிடந்தனாங்கள். அதைக் கொண்டுவந்து கயிறு கட்டி வைச்சிருக்கிறாங்கள்!" பிறகு அந்தக் காலத்தில் கூப்பன் அரிசி நிறுத்த சங்கக்கடைப் பக்கம் போய், அங்கே இருந்த பழைய தராசோடு ஏதோ வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்.

அக்கா மட்டும் வீட்டைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாலைமரம். அதன் கவட்டில், நாலு ஆள் உயரத்தில், கம்பும் கிடுகும் வைத்துக் கட்டிய காவல் பரண். வயலுக்குள் யானை வருகுதோ, பன்றி வருகுதோ என்று முதலே பார்க்கிறதுக்குக் கட்டினது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடையில் முகம் பார்க்கிறபோது நிற்கிற அதே நிலை.

"துஷி, மேல இருந்தால் வாசல் தெரியும், என்ன?"

"தெரியும். யானையும் தெரியும்."

"உன்ர சல்வாரைக் கழற்று."

"விசரோ உனக்கு?"

"சேலையோட ஏற ஏலாது. பத்து நிமிசம். அவையள் வரமுதல் ஆள் எப்பிடி எண்டு ஒருக்கா மேல இருந்து பாத்திட்டு இறங்கிடுவன். இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு. எனக்காக இதைச் செய்யடி."

எனக்காக என்ற சொல்லை அவள் என்னிடம் அதற்கு முதல் சொன்னதில்லை. நான் கழற்றினேன்.

மண்வீட்டுக் குசினிக் கதவுக்குப் பூட்டு இல்லை. ஒருத்தி கதவை முதுகால் தள்ளிப் பிடிக்க மற்றவள் மாற்ற, பிறகு மற்றவள் பிடிக்க இவள் மாற்ற. அக்காவின் சேலைச் சட்டை இரண்டு பிள்ளை பெற்ற உடம்புக்குள் ஏறவில்லை. மூச்சை உள்ளே இழுத்து, அக்கா கொக்கியைப் போட்டுவிட்டு, "இனி மூச்சு விடாதே" என்றாள். அந்த நிலையில் சிரிப்பு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சுவரில் 'இது 1920ஆம் ஆண்டளவில் சமையலறையாகப் பயன்பட்டது' என்று எழுதியிருந்தது.

அக்கா ஏணியில் ஏறினாள். பள்ளிக்கூட நாளில் ஏறினமாதிரியே ஏறினாள். ஏறி இரண்டு நிமிசம் ஆகவில்லை, என் போன் அடித்தது.

"வந்திட்டினம்."

"ஆர்?"

"ஆரோ? மாப்பிள்ளை பகுதி! முந்தி வந்திட்டினம். ரெண்டு பொம்பிளையள், கோடு போட்ட சேட்டோட ஒரு ஆம்பிளை. நேர உன்னட்டத்தான் வருகினம்."

"இறங்கு கெதியா!"

"இப்ப இறங்கினால் சல்வாரோட என்னைக் காணுவினம். எல்லாம் குழம்பிடும். துஷி, நீ நில். எனக்காகப் பதினொரு தரம் வேண்டாம். ஒரேயொரு தரம் நில். நான் இஞ்ச இருந்து பாக்கிறன்."

நான் நின்றேன். வேறு என்ன செய்ய?

விரும்பிக் கட்டினவளுக்கு இந்த அனுபவம் கிடையாது. என்னை ஒருவரும் பார்க்க வந்ததில்லை. முற்றத்தில் பச்சைச் சேலையில் நான், இடுப்பில் கொஞ்சமும் இளகாத ஒரு சட்டை. கழுத்தில் ஒன்றும் இல்லை, கொடி அலுமாரிக்குள். மாப்பிள்ளையின் தாயும் சின்னம்மாவும் தற்செயலாக வந்தார்கள். தற்செயலாகக் கூரையைப் பார்த்தார்கள். தற்செயலாக என் காலைப் பார்த்தார்கள், இடுப்பைப் பார்த்தார்கள், பல்லைப் பார்க்க வழி தேடினார்கள். கையில் மணிக்கூடு கட்டியிருந்த சின்னம்மா என்னிடம், "பிள்ளை, நேரம் என்ன?" என்று கேட்டார். குரல் எப்படி என்று பார்க்கத்தான். "பத்தரை" என்றேன். அதற்கு மேல் மூச்சு இல்லை. தாய், "அந்த உறியில தொங்கிற பானை என்ன பானை பிள்ளை? ஒருக்கா எட்டிப் பாரும்" என்றார். என் உயரம் பார்க்கிறார். நான் எட்டினேன். கொக்கி ஒன்று பறந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு கன்னம் சுட்டது. ஒருவர் உன்னிடம் ஒன்றும் கேட்காமல் உன்னைப் பார்த்து முடிப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்து நிமிசத்தில் எனக்குக் கல்லெடுத்து எறிய வேண்டும்போல வந்தது. அக்கா இதைப் பதினொரு தரம் நின்றிருக்கிறாள். பத்துத் தரம் நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அவர்கள் வீட்டின் பின்பக்கம் போன நேரம் போனைத் திரும்பக் காதில் வைத்தேன். அக்கா மேலே இருந்து ரேடியோவில் கிரிக்கெட் மச் சொல்கிறமாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆள் வாடிக்குப் போறார். வாசல்ல நிக்கிறார். செருப்பைக் கழற்றுறார். எடி துஷி, ஆரும் இல்லாத வாடிக்குள்ள போக, செருப்பைக் கழற்றிப்போட்டு, 'வீட்டுக்காரர், வரட்டோ?' எண்டு கேக்கிறார்!"

"உனக்கெப்பிடிக் கேட்டது?"

"கத்தித்தான் கேட்டவர். இப்ப சங்கக்கடை. அங்கயும் கழற்றுறார். அங்கயும் கேக்கிறார். அம்மா உள்ளுக்குள்ள இருந்து 'வாங்கோ' எண்டிட்டா! ஐயோ, ஆள் பயந்துபோனார்!"

பரண் ஆடியது. சிரித்து ஆட்டுகிறாள்.

"ஒரு அகப்பை விழுந்து கிடந்தது. எடுத்துத் தூசு தட்டி ஆணியில கொளுவுறார். கண்ணாடி போட்டிருக்கிறார் துஷி. கண்ணாடியின்ர இடப்பக்கக் கால் வளைஞ்சு போச்சு. மூக்கில சரிஞ்சு கிடக்கு. மூண்டு மாசமா அப்பிடியே போட்டிருக்கிறார் போல. எனக்குக் கை துருதுருக்குது."

அக்காவின் குரல் மாறியிருந்தது. கை துருதுருக்குது என்று அவள் எத்தனையோ பேரின் கண்ணாடிக்குச் சொல்லியிருக்கிறாள். இப்படிச் சொன்னதில்லை.

அவரோ என் பக்கம் வந்தும் என்னைப் பார்க்கவில்லை. தாய் முழங்கையால் இடித்தும் பார்க்கவில்லை. மண்வீட்டுக் கூரை வளையில் மரம் எப்படிப் பொருத்தியிருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பிள்ளை பெற்றவள் ஆனாலும், உடுத்துக்கொண்டு நிற்கிறவளை ஒரு ஆள் திரும்பியும் பார்க்கவில்லை என்றால் கோபம் வரத்தான் செய்யும். எனக்கு வந்தது.

தாயும் சின்னம்மாவும் புளியமரத்தடிக்குப் போய்க் குசுகுசுத்தார்கள். தாய் போனை எடுத்தார். யாருக்கு என்று எனக்கு உடனே விளங்கியது. இராசமலர் அன்ரிக்கு. பின்னேரம் வரை பொறுக்கவில்லை. இரண்டு நிமிசத்தில் சங்கக்கடைக்குள் அம்மாவின் போன் அடித்தது. அடுத்த நிமிசம் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பறந்து வந்தார்.

"பிடிச்சுப்போச்சாம்! பிள்ளையைப் பிடிச்சுப்போச்சாம்! இவ்வளவு அடக்கமான பிள்ளையை இந்தக் காலத்தில பாக்க ஏலாதாம், மூச்சு விடுற சத்தமே கேக்கேல்லையாம்! யசோ, என்ர ராசாத்தி…"

பச்சைச் சேலையைக் கட்டிப்பிடிக்க வந்தவர் என் முகத்தைக் கண்டார்.

"எங்க அவள்?"

நான் விரலை மேலே காட்டினேன்.

அம்மா மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டையும் கூட்டிப் பார்த்தார். "எடி நாசமாப் போனவளே! ரெண்டு பிள்ளை பெத்தவளையெல்லோ அதுகளுக்குப் பிடிச்சிருக்கு!"

கத்தவில்லை. முணுமுணுப்பில்தான் சொன்னார். ஏனென்றால் நாங்கள் தற்செயலாக வந்தவர்கள். புளியமரம் முப்பது அடி தூரம். போய், "பிழை நடந்திட்டுது அம்மா, அது இளையவள்" என்று ஒரு சொல் சொன்னால் முடிகிற விசயம். ஆனால் அம்மாவுக்கு அது ஏலாது. அம்மா போனை எடுத்துப் பத்து மைல் தள்ளி ரவுனில் இருக்கிற அன்ரிக்கு அடித்தார். என்கேஜ். புளியமரத்தடியில் மாப்பிள்ளையின் தாய் அன்ரியோடு நாள் பார்க்கிறதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார், எங்களுக்குக் கேட்கிறது. "தை மாசமே வைப்பம்" என்கிறார். அம்மா திரும்ப அடித்தார். என்கேஜ். "ஐயோ, தை எண்டிட்டாள்" என்று அம்மா என் கையைப் பிடித்து நசித்தார். இரண்டு தாய்மாரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, இல்லாத ஒருவரோடு கதைக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கடைசிக் கொக்கியும் போயிற்று.

அப்போதுதான் மேலே இருந்து குரல் வந்தது.

"கோட்டுச் சேட் போட்டவர்!"

எல்லோரும் விறைத்துப்போனோம். அவர் சுற்றிப் பார்த்தார், பிறகு அண்ணாந்தார். பரணின் ஓரத்தில் நீலச் சல்வாரோடு அக்கா முழங்காலில் நின்றாள்.

"நான்தான் பொம்பிளை. யசோதரா. உங்கட அம்மா பாத்தது என்ர தங்கச்சி, கலியாணம் முடிச்சவள். எனக்கு முப்பத்தெட்டு வயசு. குறைச்சுச் சொன்னது எங்கட அம்மா."

"நாட்டு நிலைமை" என்று அம்மா வாய்க்குள் சொன்னார்.

"என்னைப் பதினொரு பகுதி பாத்தாச்சு. கடைசியா வந்தவை தூண் மட்டும் நடந்து காட்டச் சொல்லிப்போட்டு வேண்டாமெண்டவை. இண்டைக்கு நான் பாக்கிறன். அந்தப் புளியடி மட்டும் ஒருக்கா நடந்து காட்டுங்கோ."

அபூதாஹிர் நானா விசிலை வாயில் வைத்தபடி நின்றார். சிரித்துவிட்டுப் போனாரென்றால் சரி, எல்லாம் முடிந்தது. கோபித்துக்கொண்டு போனாலும் முடிந்தது. அக்கா இனி ஒருவருக்கும் முன்னால் நிற்க மாட்டாள். கொப்பியில் பேர் வெட்டுப்படும். நான் முந்திக் கட்டினதுக்கு அந்த வெட்டுத்தான் கடைசிக் கணக்காக நின்றுவிடும்.

கோணேசராசா தாயைப் பார்த்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்துக் கேட்டார்.

"செருப்போடயோ, செருப்பில்லாமலோ?"

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை.

"செருப்பில்லாமல்" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு நடந்தார். பதினொரு மணி வெயில், வெள்ளை மணல். நாலு அடி நேராக நடந்தார். ஐந்தாவது அடியில் இருந்து துள்ளத் தொடங்கினார். "சுடுது, சுடுது" என்று சொல்லிக்கொண்டே, கையைக் கட்டி மரியாதையாக, துள்ளித் துள்ளிப் புளியடிவரை போனார். மரத்தைத் தொட்டார். திரும்பினார்.

"போதுமோ?"

"திரும்பி வாங்கோ. நிமிர்ந்து பாக்கலாம், பிழையில்லை."

அவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே துள்ளி வந்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. நேரே ஏணியடிக்கு வந்து, ஏணியில் கை வைத்து, "வீட்டுக்காரர், வரட்டோ?" என்று கேட்டார்.

விசில் கேட்டது. "ஒரு ஆள் மட்டுந்தான் மேல!" என்றார் அபூதாஹிர் நானா. "வேணுமெண்டா அவங்க இறங்கட்டும்."

அக்கா இறங்கினாள். மணலில் கால் வைத்ததும் முதல் வேலையாகக் கையை நீட்டினாள். அவர் ஒன்றும் கேட்காமல் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா இடப்பக்கக் காலை இரண்டு விரலுக்குள் வைத்துப் பக்குவமாக வளைத்தாள், ஊதினாள், என் சல்வார்ச் சால்வையில் துடைத்தாள். திரும்பப் போட்டுவிட்டு, ஒரு விரலால் அவருடைய நாடியை நிமிர்த்தி அரை நிமிசம் பார்த்தாள்.

"ரக்டருக்குக் கீழ படுக்கேக்க கழற்றி வைக்கிறதில்லையோ?"

"கழற்றி வைச்சால் நட்டுத் தெரியாது" என்றார் அவர். "நீங்கள் மேல நிண்டது எனக்கு வடிவாத் தெரியேல்லை. குரல்தான் கேட்டது."

"குரல் கேட்டே நடந்தனீங்கள்?"

"கேட்ட ஆள் பகிடிக்குக் கேக்கேல்லை எண்டு தெரிஞ்சுது."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் தாயைப் பார்த்தார். அவர் போனைக் காதில் வைத்தபடியே பரணை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம்தான். இடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் போனுக்குள், "இராசமலர், நான் பிறகு எடுக்கிறன்" என்றார். பிறகு எங்கள் அம்மாவிடம் முதல் தரமாகத் திரும்பினார்.

"எனக்கு அந்தக் காலத்தில இப்பிடி ஒரு பரண் இருந்திருந்தால், இவன்ர அப்பாவுக்கு நான் ஓமெண்டிருக்க மாட்டன்."

அம்மா என் தோளை விட்டார். "நானுந்தான்" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அபூதாஹிர் நானா தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தார். கட்டுச்சோறு புளியடியில் அவிழ்ந்தது. தற்செயலாகத்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் இன்னும் பச்சைச் சேலையோடு, முதுகில் அக்காவிடம் இருந்த என் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தேன். கொக்கி ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மா முன்சீற்றில் நித்திரை. அக்கா யன்னல் பக்கம். எத்தனையோ வருசமாகத் தொண்டைக்குள் கிடந்ததை அப்போதுதான் வெளியே விட்டேன்.

"நான் முந்திக் கட்டினது உனக்குத் தடையாப் போச்சுது அக்கா. எனக்குத் தெரியும்."

அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். "ஓம், போச்சுதுதான்" என்றாள். பொய் சொல்லவில்லை. "இண்டைக்கு நீ நல்லா நிண்டாய்."



கன்னியா தாண்டும்போது அம்மாவின் போன் அடித்தது. இராசமலர் அன்ரி. பின்னேரப் பதில். அம்மா பழக்கதோசத்தில் பதறிக்கொண்டு எழும்பினார். பதினொரு தரமும் இந்தப் போனுக்குத்தான் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அக்கா எட்டிப் போனை வாங்கினாள்.

"அன்ரி, நான் யசோதரா. நாங்கள் போய் ஆளைப் பாத்தம். காலில ஒரு குறையும் இல்லை. எங்களுக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கெண்டு அவையளுக்குச் சொல்லிவிடுங்கோ."